டேங்கில் பச்சைப் பெயிண்ட்

எங்கள் காய்கறிப் பண்ணையின் பழைய டிராக்டரில் டீசல் முள் எப்போதும் காலி என்றே காட்டியது. பக்கத்து ஊரான ஈசூனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஒரு மூங்கில் குச்சி. டேங்கில் அதை விட்டுப் பார்க்காமல் எந்த மீட்டரையும் தொடமாட்டார். குச்சி பாதி நனைந்து வந்தது. டேங்குக்குள் டீசல் மட்டத்தை அளக்கும் மிதவையின் ஒயரை எடுத்து வண்டி இரும்பில் வைத்தார். முள் விறுவிறுவென ஏறியது.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. டேங்க்ல அடிச்ச பெயிண்ட் மறைக்குது, எர்த் கிடைக்கல."

மிதவையைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூட்டினார். முள் பாதியில் நின்றது.

"யாரு பெயிண்ட் அடிச்சது?"

"தெரியலைங்க," என்றேன். அடித்தது நான்தான்.

என் செருப்பில் காய்ந்திருந்த பச்சைச் சொட்டுகளைப் பார்த்தார்.

"நல்லா அழகா அடிச்சிருக்காரு லா," என்று சொல்லிக் குச்சியைத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டார்.

வார் அறுந்த பிறகும் அந்தச் செருப்பைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.