என் மனைவி கேட்ட கம்பி

என் மனைவியின் முன்பற்கள் துருத்தியிருக்கும். கடிக்கும்போது வலி கண்டதால், அவளது ஐம்பத்திரண்டாம் வயதில் ஓசூரில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். பற்களை வரிசைப்படுத்தலாம் என்று கூறிய அந்த இளம் பெண் மருத்துவர், சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் கழற்றி வைக்க வேண்டிய கண்ணாடி போன்ற பல் உறையையும், பல்லிலேயே ஒட்டியிருக்கும் உலோகக் கம்பியையும் மேசைமீது வைத்தார்.

"உறையே போடுங்கம்மா, வெளியே தெரியாது" என்றேன், அவளுக்குப் பேருதவி செய்வதாக எண்ணி.

மனைவி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டீ குடிக்கிறப்பல்லாம் இதக் கழட்டணுமா? ராயக்கோட்டை மண்டியில நான் நாளுக்கு எட்டு டீ குடிக்கிறவ. தக்காளிக் கூடையிலதான் தொலைப்பேன், கண்ணு."

மருத்துவர் சிரித்துவிட்டார்.

"கம்பி போட்டா எல்லாரும் பாப்பாங்களே" என்றேன்.

"பாக்கட்டுமே. கல்யாண போட்டோவுல வாய மூடிக்கோன்னீங்க, மூடிக்கிட்டேன். அப்புறம் எந்த போட்டோவுலயும் நான் சிரிக்கலை. இதையும் மறைக்கணுமாங்க?"

அவள் குரலில் கோபமில்லை. அதுவே என்னைத் தலைகுனியச் செய்தது. அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அவளோ முப்பது ஆண்டுகள் அதன்படி நடந்திருக்கிறாள்.

"கம்பியே போடுங்கம்மா" என்றேன் மருத்துவரிடம்.

"அதான் நான் சொல்லிட்டேன்ல, நடுவுல நீங்க எதுக்கு?" என்று என் முழங்கையில் இடித்தாள்.

அவளுடைய கூச்சம் என்று இத்தனை காலம் நான் எண்ணியிருந்தது என்னுடைய கூச்சமே. அதை எனக்காக அவள் சுமந்திருக்கிறாள்.