செவலைக்கு நான் வைத்த கறிச்சோறு

1985-ஆம் வருடம், ஐப்பசி மாதம். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதம். விழுப்புரத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த என்னை, விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைச் செடி எது, உளுந்துச் செடி எது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்வேன். எதிலும் மூக்கை நுழைப்பேன். அந்தப் புத்தி அந்த மாதம் ஒரு மனிதரின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

மல்லாட்டை பிடுங்க இன்னும் பத்து நாள் இருக்கும்போது கொல்லையில், அதாவது வயலில், எலி புகுந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் செடி செடியாகச் சாய்ந்து கிடக்கும், அடியில் ஒரு காய் இருக்காது. மாமனார் திண்டிவனம் பக்கத்தில் ஏரிக்கரையில் குடியிருந்த, எலி பிடிப்பதில் கைதேர்ந்த ஓர் இருளர் தம்பதிக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கூடவே ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக ஒரு செவலை நாய். அதன் பெயரும் செவலைதான்.

நாயைப் பழக்கியது கணவர் இல்லை, அவள்தான். கொல்லையில் நாய் மோந்து காட்டும், கணவர் தோண்டிக் கையை விட்டு எலியை இழுப்பார். எலி இருக்கிற வளை என்றால் நாய் இரண்டு முன்னங்காலாலும் பிராண்டும். பாம்பு இருந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகரும். குட்டியாக இருக்கும்போதே பாம்புச் சட்டையை அதன் எதிரில் போட்டு, கிட்டே போனால் தரையை ஓங்கி மிதித்துப் பின்னால் இழுத்து, மாதக்கணக்கில் பழக்கினாளாம். பிடித்த எலியைக் கடித்துத் தின்னாமல் வாயில் வைத்திருக்கவும் அவளே கற்றுக்கொடுத்தாளாம்.

அன்று சாயங்காலம், அவர்கள் தங்கியிருந்த, வீட்டுக்குப் பின்னால் இருந்த மோட்டார் கொட்டகையில் நாய்க்கு அவள் சாப்பாடு வைப்பதைப் பார்த்தேன். ஆறிய கேப்பைக் கூழ், கொஞ்சம் மோர். உப்பு, காரம் எதுவும் கிடையாது. சட்டியைக் கீழே வைத்தும் செவலை வாய் வைக்கவில்லை. அவள் அதன் காதைத் திருப்பி உண்ணி பார்த்தாள், பாதத்தைத் தூக்கி முள் பார்த்தாள். அப்புறம் சட்டி விளிம்பை நகத்தால் இரண்டு முறை தட்டினாள். அதன்பிறகுதான் குனிந்து சாப்பிட்டது. இத்தனை ஒழுங்கை நான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லை. சொக்கிப்போனேன்.

ராத்திரி நல்ல மழை. காலையில் வீட்டின் பின்பக்கம் போனால் கிணற்றடியில் செவலையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். எதிரில் சட்டி இல்லை, ஒன்றும் இல்லை. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. வாயில்லா ஜீவனை இப்படிப் பட்டினி போடுகிறார்களே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் மாமனாருக்கென்று மாமியார் எடுத்து வைத்திருந்த நாலைந்து துண்டையும் பழைய சோற்றில் போட்டுப் பிசைந்து, ஒரு கொட்டாங்குச்சியில் கொண்டுபோய் வைத்தேன். செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. விடுவேனா நான். முந்தின நாள் பார்த்தது ஞாபகம் வந்தது. கொட்டாங்குச்சி விளிம்பை நகத்தால் இரண்டு முறை தட்டினேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றது. நாயைப் பழக்குவது என்ன பெரிய விஷயம் என்று பெருமையோடு உள்ளே போனேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் நாயை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கையில் இருந்த ஈரத்துணியால் நாயின் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"செவலைக்கு யாருன்னா எதுனா போட்டீங்களா? வாய்ல மசாலா வாசன வர்ற மாதிரி இருக்குது."

பக்கத்திலேயே மாமியார் நின்றிருந்தார். போன வாரம்தான் ஊறுகாய் ஜாடியை உடைத்துத் திட்டு வாங்கியிருந்தேன். கறி போன கதை தெரிந்தால் என்ன ஆகும்? "இல்லையே, நாங்க யாரும் குடுக்கலியே" என்று பளிச்சென்று சொல்லிவிட்டேன். "சரி சின்னம்மா" என்று நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு கேள்வி மறுபடி கேட்கவில்லை.

வேடிக்கை பார்க்கிற ஆசையில் தண்ணீர்க் குடத்தோடு நானும் கொல்லைக்குப் போனேன். செவலை வேலையே செய்யவில்லை. இரண்டு எட்டு நடக்கும், வேப்பமர நிழலில் படுக்கும். எழுப்பினால் கொட்டாவி விடும். அவள் அதன் கண்ணை விரித்துப் பார்த்தாள், ஈறைப் பார்த்தாள். "இன்னாடா கண்ணு, ஒடம்பு சரியில்லியா" என்று கேட்டபோது அவள் முகம் வாடிவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

வரப்போரம் ஒரு பெரிய வளை. சாதாரண நாளில் வளை வாயில் தடம் பார்த்தே உள்ளே எலியா பாம்பா என்று அவள் கணவர் சொல்லிவிடுவாராம், ராத்திரி மழையில் தடமெல்லாம் கரைந்துபோயிருந்தது. அன்றைக்கு நாயின் மூக்கு ஒன்றுதான் துணை. செவலை வந்து ஒப்புக்கு மோந்தது. பிராண்டவும் இல்லை, காலைத் தூக்கவும் இல்லை. சும்மா நின்றது.

"கால தூக்கலியே, பாம்பு இல்ல. ஒடம்பு முடியாம நிக்குது, பாவம். நாம பாப்போம்" என்று அவர் கடப்பாரையால் வாயை அகலப்படுத்தி, ஒருக்களித்துப் படுத்துக் கையை உள்ளே விட்டார்.

"கைய எடுங்க. நான்தான் கறிச்சோறு போட்டேன், நான்தான் போட்டேன்" என்று கத்தினேன். குடம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

மணிக்கட்டு வரைக்கும் போயிருந்த கையை அவர் அப்படியே வெளியே இழுத்தார். ஒரு நீளக் குச்சியை ஒடித்து உள்ளே விட்டார். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அதே சத்தம். இன்னும் தோண்டினார். சுருண்டு படுத்திருந்தது கண்ணாடி விரியன். அதைக் கடப்பாரை முனையில் தூக்கிக்கொண்டுபோய் வாய்க்கால் புதரில் விட்டுவிட்டு வந்தார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னைத் திட்டுவாள், நாயையாவது அடிப்பாள் என்று நினைத்தேன். முதலில் கணவரின் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு செவலையின் வயிற்றைத் தடவினாள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அது யாரு குடுத்தாலும் துன்னாதே, எப்படி துன்னுச்சு?"

விளிம்பில் தட்டியதைச் சொன்னேன்.

"அப்போ அது மேல தப்பு இல்ல சின்னம்மா. தட்டுன சத்தத்த அது நம்புச்சு. நானு உங்க வார்த்தய நம்பனேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அந்த அளவுக்கு வலித்திருக்காது. பட்டினி போட்டுக் கொல்கிறீர்களே என்று நினைத்துத்தான் போட்டேன் என்று அழுதேன். அவள் கணவர்தான் பதில் சொன்னார்.

"வயிறு ரொம்பிட்டா அதுக்கு மோப்பம் மந்தமாயிடும், அதான் வேலைக்கு முன்னாடி எதுவும் போடறதில்ல. நாங்களும் இன்னும் ஒண்ணும் துன்னல. அது பட்டினியா ஒழைக்கறப்போ நாங்க துன்னுக்கினு அது மூஞ்சிய எப்படி பாக்கறது? அது துன்னப்புறம்தான் எங்களுக்கு."

கேட்டதும் மண்ணுக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது. நாய்க்காக இரக்கப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேனே.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "நாலு துண்டு கறிக்கு நான் இன்னா உன்ன தூக்குலயாடி போட்டுடுவேன்? ஒரு ஆளு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். அது போதாதென்று என்னை இழுத்துக்கொண்டுபோய் அவர்களிடம் மன்னிப்பும் கேட்க வைத்தார்.

மறுநாள் செவலை வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். மூக்கு தரையைவிட்டு எழவில்லை. வரப்பு வரப்பாக ஓடியது. வெற்று வளை என்றால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் டக்கென்று நின்று, வலது முன்னங்காலைத் தூக்கியபடி மெல்லப் பின்னால் போனது. அவர் கும்பிடு போடாத குறையாக அந்த வளையை விட்டு ஒதுங்கினார். தப்பி ஓடிய எலியை எட்டிப் பிடித்து, பல் பதியாமல் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டது. பொழுது சாய்வதற்குள், வளைகளில் எலி சேர்த்து வைத்திருந்த மல்லாட்டையே ஒரு சாக்குக்கு வந்தது. அதை அவர்கள் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

வேலை முடிந்ததும் வாய்க்காலில் செவலையின் காலைக் கழுவினாள். பாதத்தில் ஏறியிருந்த ஒரு முள்ளைப் பல்லால் கடித்து எடுத்தாள். கூழைக் கரைத்துச் சட்டியில் ஊற்றியவள், அதைத் தான் வைக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"இப்போ வைங்க சின்னம்மா. இப்போ பசிக்குதுன்னு பாவம் பாக்கலாம்."

வாங்கிக் கீழே வைத்தேன். விளிம்பில் இரண்டு முறை தட்டினேன். செவலை சாப்பிடவில்லை. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் "ம்" என்று தலையசைத்த பிறகுதான் சட்டியில் வாய் வைத்தது. ஒரே நாளில் அது என்னை யாரென்று தெரிந்துகொண்டுவிட்டது.

இப்போது எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. யாராவது என்னிடம் சின்னதாக ஒன்றைக் கேட்டாலும், வாய்க்கு வந்ததைச் சொல்லப்போகும் நேரத்தில் அந்த நாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது கண்ணுக்குள் வந்துவிடுகிறது, உள்ளதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.