பேட்ஜின் பின்பக்கம்

"ஊதாதீங்க. ஈயம் அதுவா ஆறணும்."

கணவர் வாயை மூடிக்கொண்டார். பித்தளை பேட்ஜ் ஈரத்துணியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. முன்பக்கத்து நீல எனாமல் சூடு பட்டால் வெடித்துவிடும். வெடித்தால் ஒட்ட வழியில்லை. அதற்குத்தான் ஈரத்துணி. அதிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

ரேடியோ தொழிற்சாலையில் ஈயம் வைத்தே தலை நரைத்தவள் அவள். பழைய ஈயத்தைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பேட்ஜுக்கும் அதன் குத்தூசிக்கும் தனித்தனியாக ஈயம் பூசி, அதன்பிறகே இரண்டையும் சேர்த்திருந்தாள். வைத்த ஈயம் மங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது. உருக்கிவிட்டு மறுபடி வைப்பாள்.

அவர் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர். வாதம் வந்து வலது கை விழுந்தபின் வீட்டோடு இருந்தார். பொத்தான் அழுத்த இடது கை போதும் என்று ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொண்டு, நாளைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் கண்ணாடி முன் நின்று பேட்ஜைக் குத்திப் பழகினார். கதவருகே நின்ற அவள், அந்த இடது கை எப்படித் திரும்புகிறது, எங்கே தடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். குத்திவிடக் கிட்டே போனபோது சீறினார்.

"ஒரு பேட்ஜ் குத்திக்கத் தெரியாதவனை நம்பி யாரு லிஃப்ட்ல ஏறுவா?"

அந்த வேகத்தில் பேட்ஜின் குத்தூசி ஈயம் விட்டுப் பெயர்ந்து வந்தது.

இப்போது ஆறிய பேட்ஜைத் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது? கீல் இருந்த இடத்துல கொக்கி இருக்கு! மாத்தி வெச்சுட்டியே."

"அப்படியா?"

"நீ செஞ்ச ரேடியோவெல்லாம் எப்படித்தான் பாடுச்சோ!"

"வயசாகுதுல்ல. உருக்கி மாத்திடவா? எனாமல் இன்னொரு சூடு தாங்குமான்னுதான் தெரியல."

"இரு, இரு."

இடது கையால் பேட்ஜைச் சட்டையின் வலது மார்பில் வைத்தார். ஊசி துணிக்குள் நுழைந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று கொக்கியில் மாட்டிக்கொண்டது. கழற்றினார். மறுபடி குத்தினார்.

"தப்பா வெக்கிற ஆளில்லையே நீ," என்றார்.

அவள் சால்டரிங் அயர்னின் நுனியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வெச்சுட்டேன். இப்ப என்னங்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். பேட்ஜ் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இடது பக்கம்தானே குத்த வேண்டும் என்று மேற்பார்வையாளர் கேட்டார். எந்த மாடிக்குப் போகணும் சார் என்று இவர் கேட்டார். வீட்டில் அவள் எதிர்வீட்டு டார்ச்சைப் பிரித்து, அறுந்த கம்பிக்கு ஈயம் வைத்தாள். மத்தியானம் சற்று நேரம் தூங்கினாள்.