கரிநாள் வசனம்

சங்கிலிமுத்து யார் என்று தாயில்பட்டியில் விசாரித்தால், "வசனம் போடுறவரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பந்தல் போடுகிறவர், மோட்டார் மாட்டுகிறவர் என்பதுபோல அதுவும் ஊருக்குள் ஒரு தொழிலாகிவிட்டது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கிறிஸ்தவ டெய்லி காலண்டர் அடிக்கிறார்கள். நாளுக்கு ஒரு வேத வசனத்தைத் தேடி எடுத்து, அதற்குக் கீழே மூன்று நான்கு வரியில் தியானமும் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும் என்பதால், அடுத்த வருஷத்துக் காலைகள் முழுவதையும் அதற்கு முன்பே எழுதி முடித்திருக்க வேண்டும்.

அப்பா, அம்மா இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீசில் கை தேய்ந்தவர்கள். இவர் வாலிப வயதில் கருப்பசாமி கோயில் பொங்கலை விட்டுவிட்டு ஒரு சின்ன ஜெபவீட்டில் ஞானஸ்நானம் எடுத்தார். தானியேல் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ஆனால் பாவம், நியாயத்தீர்ப்பு என்ற இரண்டு வார்த்தைகளை அன்றைக்குப் பிடித்தவர்தான், விடவில்லை. டீக்கடையில் ஒருவன் கூடுதலாக ஒரு பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டால்கூட அவருக்கு நரகம் ஞாபகத்துக்கு வரும். நல்ல மனுஷன்தான், பக்கத்தில் உட்கார முடியாது.

அச்சக முதலாளி ராஜபாண்டியன் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். வேதம் அவருக்குத் தெரியாது, வியாபாரம் தெரியும்.

"அண்ணாச்சி, காலங்காத்தால காலண்டரக் கிளிச்சா நாலு நல்ல வார்த்தை இருக்கணும். நீங்க என்னடான்னா சாபத்த எழுதி வச்சிருக்கீக. ஜவுளிக்கடைக்காரரு கேக்காரு, பொண்ணுக்குப் பட்டு எடுக்க வாறவககிட்ட இதக் குடுக்கவான்னு."

"வேதத்துல இருக்கிறதத்தான போடுறேன், மொதலாளி."

"இருக்கட்டும். அம்புட்டையும் போடணும்னு யாரு சொன்னது?"

பேசிப் பேசிக் கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கண்டிப்பான வசனங்களைக் கரிநாளில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். முகூர்த்த நாளிலும் மாதப்பிறப்பிலும் ஆசீர்வாதம்தான். கிறிஸ்தவக் காலண்டரில் ராகுகாலமும் கிடையாது, கரிநாளும் கிடையாது. ஆனால் வாங்குகிற ஆட்கள் பக்கத்து வீட்டுக் காலண்டரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெண் பார்க்கப் போவார்கள். அது ராஜபாண்டியனுக்குத் தெரியும், சங்கிலிமுத்துவுக்கும் தெரியும். அதனால் வருஷா வருஷம் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, கரிநாளாகப் பார்த்துக் கடவுளின் கோபத்தை வைத்துக்கொண்டு போனார். ஊழியம் மாதிரியும் ஆயிற்று, சம்பளம் மாதிரியும் ஆயிற்று. சபையில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

போன புரட்டாசியில் ஒரு கரிநாள். எபிரெயர் நிருபத்தில் தேவனே எரிக்கிற நெருப்பாக இருக்கிறார் என்று சொல்லும் சின்ன வசனம் ஒன்று உண்டு. அதைப் போட்டுக் கீழே அவர் எழுதியது இது: 'மறைவில் செய்ததை நெருப்பு வெளியே கொண்டுவரும். இன்றைக்கே மனம் திரும்பு.'

அன்றைக்குக் காலையில் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடித்தது. தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. நான்கு பேர் உட்கார வேண்டிய ரூமில் அதைப்போல இரண்டு மடங்கு ஆட்களை அடைத்து வைத்து பட்டாசுக்குள் மருந்து செலுத்தச் சொல்லியிருந்தார் ரூமை உள்குத்தகைக்கு எடுத்திருந்தவர். மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி பொன்மணி. சங்கிலிமுத்துவின் சித்தப்பா மகன் சங்கரலிங்கத்தின் மனைவி. சங்கரலிங்கம் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு தனியாளாக நின்று மகளை வளர்த்தவள், இவர் போகும் ஜெபவீட்டுக்கே போகிறவள். மகள் பாண்டிலட்சுமி விருதுநகரில் நர்சிங் படிக்கிறாள்.

அடக்கத்தன்று பாஸ்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பைபிளுக்குள்ளிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்தார்.

"அன்னைக்குக் காலையில கர்த்தர் என்ன சொல்லியிருக்கிறார் பாருங்க. சம்பவம் நடக்கிறதுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார்."

வசனத்தை வாசித்தார். தியானத்தையும் வாசித்தார். கூட்டம் மூச்சை அடக்கிக் கேட்டது. சங்கிலிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. துக்கத்தில் இல்லை. தன் எழுத்து இப்படி ஒரு இடத்தில், இப்படி ஒரு நேரத்தில் வாசிக்கப்படுகிறதே என்ற பெருமையில். தம்பி பெண்டாட்டி பெட்டிக்குள் கிடக்கிறாள், இவருக்குப் பெருமை.

பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்குள் கூட்டத்துக்குள் பேச்சு இறங்கிவிட்டது. மறைவில் அப்படி என்ன செய்தாள்? கம்பெனி வேன் டிரைவரிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவாளாம். ஒருநாள் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாளாம். புருஷன் இல்லாதவளுக்கு முன்சீட்டு எதற்கு? தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது வெம்பக்கோட்டை, சாத்தூர் எல்லாம் சுற்றிவிட்டு ஜெபவீட்டுக்கே திரும்பி வந்தது.

செத்த மற்ற இரண்டு பேர் வீட்டிலும் முருகன் படம் போட்ட காலண்டர்தான் தொங்கியது. அதனால் அந்தப் பெண்கள் விபத்தில் செத்தவர்களாகவே இருந்தார்கள். பொன்மணி மட்டும் பாவத்தில் செத்தவள் ஆனாள். உள்குத்தகைக்காரர் கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்து, ஜாமீன் வாங்கிக்கொண்டு வந்தார். ஜெபவீட்டுக்கு மைக்செட் வாங்கிக் கொடுத்தவர் அவர். அவருக்காகச் சபையார் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள், கடவுள் இரக்கம் காட்டவேண்டும் என்று. நியாயத்தீர்ப்பு ஒரு வீட்டுக்கும் இரக்கம் இன்னொரு வீட்டுக்குமாகச் சரியாகப் பங்கு பிரித்துவிட்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாண்டிலட்சுமி சங்கிலிமுத்துவின் வீட்டுக்கு வந்தாள். அவர் மனைவி வெள்ளைத்தாய் சாப்பிடச் சொன்னாள். அவள் உட்காரவே இல்லை.

"பெரியப்பா, எங்கம்மா மறைவுல என்ன செஞ்சா?"

அவருக்குப் புரியவில்லை.

"சபையில எல்லாரும் கேக்காக. எனக்குத் தெரியல. நீங்கதான எழுதுனீக. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"அது உங்கம்மாவ நெனச்சு எழுதுனது இல்ல தாயி. யாரையும் நெனச்சு எழுதல. அது வந்து..." நிறுத்திக்கொண்டார். பிறகு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கமாட்டாமல் சொல்லிவிட்டார். "அன்னைக்குக் கரிநாளு. கரிநாளுக்குக் கண்டிப்பான வசனம் போடணும்னு மொதலாளி பேச்சு. அதான் போட்டேன்."



"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"அப்ப அத சபையில சொல்லுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு நினைவு ஜெபம் வைக்காக. பாஸ்டர் திரும்பவும் அந்தத் தாள வச்சுத்தான் பேசப்போறாராம். என்னையும் முன்னால நிக்கச் சொல்லியிருக்காக. அதுக்கு முன்னால சொல்லிருங்க பெரியப்பா. எங்கம்மா பேரு எங்கம்மா பேராவே இருக்கட்டும்."

அவள் போனதும் வெள்ளைத்தாய் பிடித்துக்கொண்டாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. பஞ்சாங்கம் பாத்து வசனம் போட்டேன்னு சொன்னா பாஸ்டர் சபைக்குள்ள விடுவாரா? அச்சாபீஸ்லதான் வச்சிருப்பாகளா?"

அச்சகத்துக்கும் அந்தத் தாள் விஷயம் எட்டியிருந்தது. மறுநாளே ராஜபாண்டியன் சந்தோஷமாகக் கூப்பிட்டனுப்பினார். அந்தப் போட்டோ சுற்றிய சுற்றில் புது ஆர்டர் வந்து குவிந்திருந்தது. நடக்கப்போவதைச் சொல்கிற காலண்டர் எது என்று ஆட்கள் தேடி வருகிறார்களாம்.

"நீங்க சொன்னதுதான் சரி, அண்ணாச்சி. அடுத்த வருசம் கொஞ்சம் கூட்டியே போடுங்க."

சங்கிலிமுத்து ஒரு வாரமாகத் தூங்கவில்லை. அவர் பயந்தது முதலாளிக்கும் இல்லை, பாஸ்டருக்கும் இல்லை. இத்தனை வருஷமாகப் பாவத்தைப் பற்றி எழுதி எழுதி, எதிராளியின் பாவத்தை மட்டுமே எழுதியிருக்கிறோமோ என்ற எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. எழுதும்போது எத்தனை சுகமாக இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. அந்தச் சுகத்தை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிறைந்திருந்தது. பாஸ்டர் அந்தத் தாளைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, மேடைமேல் வைத்திருந்தார். பாண்டிலட்சுமி முன்வரிசையில் தலையில் முக்காடு போட்டுக் குனிந்து நின்றாள். பாஸ்டர் பேச வாயெடுப்பதற்குள் சங்கிலிமுத்து எழுந்தார். மைக்கைக் கேட்டு வாங்கினார்.

எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சாங்கம் பார்த்ததை, முகூர்த்தத்துக்கு ஆசீர்வாதமும் கரிநாளுக்குச் சாபமுமாகப் பிரித்ததை, அந்த வசனம் அங்கே வந்தது அப்படித்தான் என்பதை. "கீழ இருக்கிற வார்த்தை கர்த்தர் சொன்னதே இல்ல. நான் எழுதுனது. பொன்மணிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அவ ஒரு பாவமும் செஞ்சு நான் பாக்கல. ரூமுக்குள்ள ஆள அடைச்சு வச்சவுகளக் கேளுங்க. நான் செஞ்சது தப்பு. என்னைய மன்னிச்சிருங்க." சொல்லி முடித்ததும் அழுதுவிட்டார்.

வெளியே போகச் சொல்வார்கள் என்று அவர் காத்திருந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

பாஸ்டர் வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரம்! கேட்டீங்களா, பிரியமானவர்களே? பஞ்சாங்கம் பார்க்கிற கையைக்கூடக் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். எழுதினது என்னன்னு எழுதினவருக்கே தெரியல. தீர்க்கதரிசிகளுக்கும் அப்படித்தான்!"

ஜெபவீடு குலுங்குகிற மாதிரி அல்லேலூயா எழுந்தது. பெண்கள் அழுதார்கள். உள்குத்தகைக்காரர் பின்வரிசையில் கையை உயர்த்தியபடி கண்மூடி நின்றார். ஒரு கிழவர் வந்து சங்கிலிமுத்துவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இல்லய்யா, நான் சொல்றதக் கேளுங்க" என்று அவர் கத்தினார். மைக்கை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பாட்டு முடிவதற்குள் பாண்டிலட்சுமி வெளியே போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். விருதுநகர் போகும் பஸ் அந்த வளைவில் வந்துகொண்டிருந்தது.

"நான் சொல்லிட்டேன் தாயி. அவுக கேக்கல."

"பாத்தேன் பெரியப்பா."

பைக்குள் இருந்து அம்மாவின் பைபிளை எடுத்தாள். அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே ஒரு பழைய காலண்டர் தாள், மடித்த இடங்களில் கிழிந்து, பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டியது. சங்கரலிங்கம் இறந்த நாளின் தாள். கடவுளின் இரக்கத்துக்கு முடிவில்லை, அது காலைதோறும் புதிதாகக் கிடைக்கிறது என்று சொல்லும் வசனம். கீழே தியானம்: 'நீ தனியாக இல்லை. உன்னை நான் கைவிடமாட்டேன்.'

"அப்பா செத்த அன்னைக்கு இதக் கிளிச்சிருக்கா. மருந்தக் குடிச்சுச் செத்துப்போவோம்னு இருந்தாளாம். இத வாசிச்சுட்டு மருந்தக் கீழ வச்சுட்டாளாம். தெனமும் வேலைக்குப் போறதுக்கு முன்னால எடுத்துப் பாப்பா. கர்த்தரே எனக்குன்னு எழுதி அனுப்புனாருன்னு எங்கிட்டச் சொல்லுவா." அவள் தாளை நீட்டினாள். "இதயும் நீங்கதான் போட்டீகளா, பெரியப்பா?"

அவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தன்னுடைய வரிதான். அன்றைக்கு என்ன நாளென்றுகூடத் தெரிந்தது, தைமாத முகூர்த்தம். கல்யாண வீடுகளுக்காகப் போட்டது. செத்தவள் அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள். அதையும் பிடுங்கிவிட்டால் அந்தப் பெண்ணிடம் பிறகு என்ன மிஞ்சும்? இவ்வளவு நேரம் உண்மையைச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தவர், அந்த ஒன்றை மட்டும் சொல்லமாட்டாமல் நின்றார். இரக்கம் வந்துவிட்டது.

"இல்ல தாயி. இது நான் போட்டது இல்ல. இது கர்த்தர் போட்டது."

பாண்டிலட்சுமி தாளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பஸ் வந்து நின்றது. தாளைப் பைபிளுக்குள் வைத்து மூடினாள்.

"ஒரே காலண்டருதான பெரியப்பா. இது அவர் போட்டதுன்னா, எங்கம்மா செத்த அன்னைக்குப் போட்டதும் அவருதான்."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். இல்லை என்று சொல்ல சங்கிலிமுத்து வாயைத் திறந்தார். அதை மறுத்தால், பைபிளுக்குள் அவள் வைத்த தாளையும் மறுத்தாக வேண்டும்.