கடிபட்ட ஐந்து ரூபாய்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான். இருபது வருடமாகப் பதுளைக் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். தேதி திருத்திய மருந்துச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, யார் எதை நீட்டினாலும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. அந்தப் புத்திக்கு ஏற்ற மாதிரிதான் எனக்குக் காசு சேர்க்கும் பைத்தியமும் பிடித்தது. அதிலும் நான் தேடுவது பிழைக்காசு. அச்சடிக்கும்போதே கோணலாகிப்போய், யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிட்டவை.

இதில் ஏமாற்றுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ரயில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசைக் கொண்டுவந்து அச்சுப் பிழை என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. பண்டாரவளையில் ஒருவர், சுத்தியலால் தட்டிய பத்து ரூபாயை இரட்டை அச்சு என்று என் தலையில் கட்டினார். அதற்குப் பிறகு எந்தக் காசையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பேன். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இல்லாமல் வெளியே போகமாட்டேன், கல்யாண வீடானாலும் சரி.

என் மாமியார் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில் மகனோடு இருந்தார். மகன் என் மனைவிக்கு அண்ணன், எனக்கு மச்சான். ஹல்துமுல்லையில் ஒரு வெல்டிங் கடையில் வேலை செய்கிறார். ஒரு தைப்பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருக்க, மாமியார் சாமிப் படத்துக்குக் கீழே இருந்த திருநீற்று டப்பாவைத் திறந்து ஒரு காசை எடுத்து என் கையில் வைத்தார்.

"பாருங்க மாப்ள, கடிச்ச காசு. பஸ்ஸுல மிச்சக்காசோட வந்துச்சாம். எம்மவன் எனக்குன்னு கொண்டாந்து குடுத்தான்."

பழைய மஞ்சள் ஐந்து ரூபாய். பிஸ்கட்டைக் கடித்த மாதிரி ஓரத்தில் ஒரு பிறை காணாமல் போயிருந்தது. உடனே வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன். தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் இப்படி ஒரு காசு பிறக்கும். ஆனால் அரம் வைத்திருக்கிற எவனும் பத்து நிமிடத்தில் இதைப் பிறக்க வைக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மச்சான் கேட்டார்: "இதுக்கு ஏதாவது கெடைக்குமா மாப்ள?"

என் சந்தேகத்துக்கு அந்த ஒரு கேள்வி போதும். வெல்டிங் கடை, அரம், விலை விசாரணை. பூதக்கண்ணாடியை எடுத்தேன். கடிபட்ட இடம் பளபளவென்றிருந்தது. அச்சிலேயே நேர்ந்த வெட்டு இத்தனை காலத்தில் மங்கியிருக்க வேண்டும், புதிதாக ராவிய இடம்தான் மின்னும் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. வட்டத் தகட்டின் விளிம்பை எழுப்புவதற்கு அதை ஓர் இயந்திரத்தில் உருட்டுவார்கள். ஓரிடத்தில் கடி இருந்தால் அங்கே பிடிமானம் கிடைக்காது. அதனால் கடிக்கு நேர் எதிரே விளிம்பு சரியாக எழும்பாமல் மங்கிப்போகும். ராவிய காசில் இது வராது, எந்த அரத்தாலும் இதைச் செய்ய முடியாது. நான் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். திருநீறும் குங்குமமும் அப்பி, விளிம்பு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. கழுவியிருந்தால் தெரிந்திருக்கும். காசைக் கழுவக் கூடாது, கழுவினால் தரம் இறங்கும் என்பது எங்கள் ஆட்களின் முதல் விதி. போலி என்று முடிவு கட்டிய காசுக்கும் அந்த விதியைக் கடைப்பிடித்தேன் பாருங்கள், அவ்வளவு பெரிய நிபுணன் நான்.

"இது அச்சுல வந்தது இல்ல அத்தை," என்றேன். "யாரோ அரத்தால ராவியிருக்காங்க." சொல்லிவிட்டு நான் மச்சானைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அறையில் இருந்த எல்லோரும் என் கண் போன திசையில் பார்த்தார்கள்.

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி, "எங்கண்ணன் உங்களுக்குக் கள்ளனா?" என்று கேட்டாள். நான் எங்கே அப்படிச் சொன்னேன் என்று வாதாடினேன். மூன்று வருடம் மச்சான் என்னோடு பேசவில்லை. போனால் தேத்தண்ணி வரும், பேச்சு வராது. குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அதையும் அவர் கணக்கிலேயே எழுதினேன்.

போன வருடம் மாமியார் இறந்துபோனார். லயத்து வாசலில் தப்புப் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் கோடித் துணி போர்த்த வேண்டும். துணியை விரித்துக்கொண்டு குனிந்தேன். அவருடைய நெற்றியில் சந்தனத்தில் ஒட்டி, அந்தக் காசு இருந்தது.

குளிப்பாட்டியவர்கள் காசையும் புளி போட்டுக் கழுவியிருந்தார்கள். என் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. கடிபட்ட இடம் மேலே பார்த்திருந்தது. அதற்கு நேர் எதிரே, புருவத்துப் பக்கம், ஒரு விரல்கடை நீளத்துக்கு விளிம்பே இல்லை. வழுவழுவென்று மங்கிப்போயிருந்தது. மச்சான் ராவவில்லை. யாருமே ராவவில்லை. மாமியார் தினமும் திருநீறு எடுக்கும்போது அந்தப் பிறையை விரலால் தேய்த்துத் தேய்த்துத்தான் அது மின்னியிருக்கிறது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பூதக்கண்ணாடி பாதி வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், ஒப்பாரியை நிறுத்திவிட்டு இன்னொருத்தியிடம் சொன்னாள்: "பொணத்து நெத்திக்காசையும் விடமாட்டாரு போலருக்கு."

பூதக்கண்ணாடியை உள்ளே தள்ளினேன். கோடியைப் போர்த்திவிட்டு விலகினேன்.

தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் பாடையின் பின்னால் நடந்தபோது மனசு சும்மா இருக்கவில்லை. இப்போது அது நல்ல காசு என்று சொன்னால், காசுக்கு அலைகிறான் என்பார்கள். சொல்லாவிட்டால் மச்சான் ஊருக்குக் கள்ளனாகவே இருப்பார். அந்தத் தோட்டத்து வழக்கப்படி, குழியில் இறக்கும் முன் நெற்றிக்காசைக் குழி வெட்டியவர் கையில் கொடுத்துவிடுவார்கள். பிறகு அது எந்தக் கடைக்குப் போகுமோ, காட்டிப் பேச ஒன்றும் இருக்காது. என்னை மாட்டிவிடுவதற்கென்றே மச்சான் இதை வைத்தாரோ என்றுகூட நினைத்தேன். தாயைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பற்றி அப்படி நினைத்தேன். காசின் மேல் எனக்கு ஆசை இல்லை என்றும் சொல்லமாட்டேன். இருந்தது.

குழிக்குப் பக்கத்தில் பாடையை இறக்கினார்கள். மச்சான் காசை எடுக்கக் குனிந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மச்சான், அந்தக் காச யாரும் ராவல. அச்சுலயே அப்படித்தான் வந்திருக்கு. நான் சொன்னது தப்பு."

அவர் நிமிரவில்லை. "நான் ராவுனேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா மாப்ள?"

அவர் கை காசுக்கு மேலேயே நின்றது.

"அம்மாவுக்குத்தான் தெரியாமப் போச்சு. நீங்க படிச்சவரு, சொன்னா சரியா இருக்கும்னு நம்பிருச்சு. நெசத்தச் சொல்லுடா, நீ ராவுனியான்னு எத்தன தடவ கேட்டுச்சு தெரியுமா? போன வாரம் ஆசுபத்திரியில வச்சும் கேட்டுச்சு. நான் இல்லன்னு சொன்னதும் தலையத் திருப்பிக்கிச்சு."

சுற்றி நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மச்சான் காசை எடுக்காமல் தள்ளி நின்றுகொண்டார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அதுகிட்ட சொல்லுங்க."

நான் மண்டி போட்டேன். மாமியாரின் காதருகே குனிந்து, "அத்தை, மச்சான் ராவல, அது நல்ல காசு," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அன்னைக்கு எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான சொன்னீங்க," என்றார் மச்சான். "அதே மாதிரி சொல்லுங்க."

எழுந்து நின்று சொன்னேன். குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். கடைசியில் நின்றவர்கள் என்னவென்று விசாரித்தார்கள், அவர்களுக்காக இன்னொரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகுதான் மச்சான் தன் தாயின் நெற்றியிலிருந்து காசை எடுத்தார்.