களத்தில் வரைந்த அமெரிக்க வண்டிகள்

எங்கள் வீட்டு முன்களத்தில் ஒரு மாதமாக மூன்று வண்டிகள் கிடந்தன. மூன்றும் கோலமாவால் வரைந்தவை. வரைந்தவர் என் வீட்டுக்காரர். பொங்கலுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த மாவு அத்தனையும் அதிலே தீர்ந்துபோனது. கேட்டதற்கு, "கோலம் வருசா வருசம் போடுறது. வண்டி வருசா வருசமா வாங்குறாங்க?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார்.

வண்டி எங்களுக்கில்லை. அமெரிக்காவில் இருக்கிற மாப்பிள்ளைக்கு. எங்கள் மூத்த மகள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை கறம்பக்குடிப் பக்கம். வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். அவர் ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கம்பெனி வண்டிகளில் விலை குறைத்துக் கொடுப்பார்களாம். அதனால் எடுத்தால் அந்தக் கம்பெனி வண்டிதான் என்பது முடிவாகிவிட்டது. அதில் பின்பக்கம் திறந்த தொட்டி வைத்த டிரக்கா, வேனா, எஸ்.யூ.வி. என்கிறார்களே அந்தப் பெரிய காரா என்பதுதான் முடிவாகவில்லை.

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் கட்டுமாவடியிலிருந்து திருச்சிக்கு மீன் வேன் ஓட்டியவர். வண்டி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், சாப்பாடு தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அங்கே காலை நேரம், மாப்பிள்ளை வீடியோவில் வருவார். இரண்டு பேரும் இழுக்கிற சக்தி, சக்கரம், கியர் என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். நான் போன் கண்ணில் படாத இடத்தில் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாப்பிள்ளையோடு நான் நேரே பேசியதில்லை. மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடமாகிறது. ஊருக்கு வந்தால் இலை போட்டுப் பரிமாறிவிட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ரசம் வேண்டுமா என்று கேட்பதானாலும் வீட்டுக்காரரிடம்தான் சொல்லிக் கேட்கச் சொல்வேன். ஊர் வழக்கம் என்று சொல்லிவிடலாம். ஆனால் என் ஓர்ப்படி, வீட்டுக்காரருடைய தம்பி மனைவி, அவள் மருமகனோடு சேர்ந்து சீட்டு விளையாடுகிறவள். அதனால் ஊரைச் சொல்லிப் புண்ணியமில்லை. எனக்குக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அந்தப் படித்த பிள்ளையிடம் என்னத்தைப் பேசுவது என்று இருந்துவிட்டேன்.

புது வண்டி எடுக்கிற பேச்சு வந்ததே ஒரு மானால்தான். மகள் வைத்திருந்த சின்னக் காரில் ஒரு மான் வந்து மோதிவிட்டது. அவளுக்குக் காயமில்லை, மாதா புண்ணியம். கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவள் விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேர ரோடு, இரண்டு பக்கமும் காடு, தெருவிளக்குக் கிடையாது. அங்கே குளிர்காலத்தில் ஏழு மணிக்குக்கூட விடியாதாம். இங்கே நான் சாயங்காலம் நாலு மணி டீ போடுகிற நேரத்தில் அவள் அந்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருப்பாள்.

அதைப் பற்றி இந்த இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாப்பிள்ளை அனுப்பிய நீள அகலத்தைக் கயிற்றில் அடிக்கணக்குப் போட்டு முடிச்சிட்டு, களத்தில் மூன்று வண்டியையும் வரைந்தார் இவர். டிரக்கின் பின்பக்கம் என் துணி காயப்போடும் கம்பத்தையும் தாண்டிப் போனது.

"இந்தக் கம்பத்தப் புடுங்கணும் போலருக்கே" என்றார்.

"அமெரிக்காவுல நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க என் கம்பத்தப் புடுங்கணும்?"

"ஒரு கணக்குக்குச் சொல்றேன்."

அதோடு விட்டாரா? ஒவ்வொரு வண்டியிலும் ஏறுகிற படி எவ்வளவு உயரம் என்று கேட்டு, அந்த உயரத்துக்குச் செங்கல்லை அடுக்கி, என்னை ஏறிப் பார்க்கச் சொன்னார். நாளைக்கு நாம் போனால் ஏற வேண்டுமாம். எங்கள் இருவரிடமும் பாஸ்போர்ட்டே இல்லை. வேன் படி ஏறினேன். பெரிய கார் படி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். டிரக் படியில் ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலைத் தூக்க முடியாமல் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் என் ஓர்ப்படி அந்தப் பக்கம் வந்தாள்.

"என்னக்கா, செலுவப்பாதையா? இது எத்தனாவது ஸ்தலம்?" என்றாள். ஏசு சிலுவையைச் சுமந்து விழுந்து விழுந்து எழுந்து போன பதினாலு ஸ்தலத்தைச் சொல்கிறாள்.

"மூணாவது முறை விழுறது" என்றேன். வேறென்ன சொல்வது.

இரண்டு நாள் கழித்து மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வண்டி எதுவாகப் போகிறது, உனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கும்மா பிடிக்கணும்? புதுசு அவருக்கு. அவரு ஓட்டுற பழைய காரு எனக்கு."

"அவரு வீட்டுலதான இருக்காரு?"

"இங்கிட்டு டிரக்கு எல்லாரும் வச்சிருக்காங்க, இவருக்கும் ஆசை. பழைய காரு ஓடும்மா, நல்லாத்தான் ஓடும். லைட்டு மட்டுந்தான் கண்ணாடி மங்கி மஞ்சளாப் போயிருச்சு. மழை பேஞ்சா முன்னால ஒண்ணும் தெரியாது."

"சொன்னியா?"

"சொன்னேன். தொடச்சுக்கலாம்ங்கிறாரு. நீ எதையாவது சொல்லி வச்சிராத. சண்டை வேணாம்."

தொடச்சுக்கலாம் என்ற வார்த்தை என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணில் புரை விழுந்து இரண்டு வருடம் திரிந்தவள் நான். எல்லாம் கலங்கிய தண்ணீருக்குள் பார்த்த மாதிரி மஞ்சளாகத் தெரியும். எதிரே பஸ் வந்தால் வெளிச்சம் பொங்கி வந்து மொத்தத்தையும் மறைத்துவிடும். சொன்னால் வீட்டில், கண்ணாடியைத் துடைத்துப் போடு என்பார்கள். துடைத்துத் துடைத்து என் முந்தானைதான் தேய்ந்தது. அன்னவாசலில் கண் முகாம் நடந்து, அங்கே பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான், புதுக்கோட்டைக்குப் போய் ஆபரேஷன் செய்து கண் திறந்தது. புரைக்குள்ளிருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும் அது என்னவென்று.

வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மகள் சொன்னாள் என்று சொல்லாமல், நீங்களாகக் கேட்பது மாதிரி, புது வண்டியை மகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

"கேக்குறேன், கேக்குறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்கவில்லை. டிரக் பத்தாயிரம் பவுண்டு எடையை இழுக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார். அது நம் கணக்கில் எத்தனை டன் என்று இவர் கேட்டார். பேச்சு அங்கேயே போய்விட்டது. எதை இழுக்கப் போகிறார்? அவர் வீட்டில் இழுக்க வேண்டியது ஒரு குப்பைத் தொட்டி, வாரம் ஒருமுறை, வாசல் வரைக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்லைட் பேச்சே வந்தது. எனக்கு உயிர் வந்தது. மாப்பிள்ளை படங்களைக் காட்டிச் சொன்னார். டிரக்குக்கு லைட் உயரத்தில் இருக்கிறது, ஒரு ஆள் நெஞ்சளவு. வேனுக்கு இடுப்புக்கும் கீழே. பெரிய காருக்கு நடுவாந்திரம், ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் லைட்டும் சேர்ந்து திரும்பும், வளைவுக்குள் பார்க்கலாம். எதிரே வண்டி வந்தால் தானே தாழ்ந்துகொள்ளும். இவர், "அடேங்கப்பா" என்றார். "எங்க காலத்துல ஒரு கண்ணு எரியும், ஒரு கண்ணு எரியாது மாப்பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தார். அதோடு சரி. பழைய கார் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போனை வைத்ததும், "ஏங்க, கேக்கலையே?" என்றேன்.

"மாப்பிள்ளைகிட்ட எப்படி எடுத்த எடுப்புல கேக்குறது? மூணு வண்டியிலயும் லைட்டு நல்லாத்தான் இருக்கு."

"அவ அந்த மூணுல எதையும் ஓட்டப்போறதில்லைங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆனால் மறுவாரம் அவருக்கு ஹெட்லைட் பைத்தியம் பிடித்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயில் மணி அடித்து, இருட்டத் தொடங்கியதும், முருங்கை மரத்தில் டார்ச் லைட்டைக் கட்டினார். ஒரு தரம் நெஞ்சு உயரத்தில், ஒரு தரம் இடுப்புக்குக் கீழே. நாற்பது எட்டு தள்ளி வைக்கோல்போர் ஓரத்தில் எங்கள் வெள்ளாட்டைக் கட்டினார். ஆடுதான் மான். மரத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, நீதான் டிரைவர், உட்கார் என்றார்.

"ஆடு தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது. கொடியில காயுற வேட்டியத் திங்குது."

ஆடு அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேட்டியின் ஒரு முனையைத் தின்று முடித்திருந்தது. அவர் அதைப் பிடுங்கிக்கொண்டு வருவதற்குள் நான் எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். யூரியா மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறை ஒன்று வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தது. அதை நாலாக மடித்து டார்ச்சின் வாயில் வைத்து, கயிற்றால் கட்டினேன்.

"இப்ப நீங்க வந்து ஒக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆட்ட அவுத்துட்டியா?"

"அங்கதான் நிக்குது."

எழுந்து பத்து எட்டு நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நாளைக்குக் கண்டிப்பாக் கேட்டுர்றேன்" என்றார்.

மறுநாள் மாப்பிள்ளை வந்ததும் இவர் தொண்டையைக் கனைத்தார். "மாப்பிள்ளை, அந்த லைட்டப் பத்தி ஒண்ணு..."

"நானும் அதத்தான் மாமா சொல்ல வந்தேன். டிரக்குல கூடுதலா லைட்டுப் போட்ட மாடல் ஒண்ணு வந்திருக்கு. கூரை மேலயும் நாலு லைட்டு."

"கூரை மேலயா?" என்றார் இவர். போச்சு. நாலு லைட்டுக்கும் தனித்தனி சுவிட்சா, ஒரே சுவிட்சா என்பதில் அரைமணி நேரம் போயிற்று. நான் சுவரோரத்திலிருந்து கையைக் காட்டினேன். தலையைக் காட்டினேன். இவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடைசியில் மாப்பிள்ளை, "அப்ப நாளைக்கு டிரக்கையே புக் பண்ணிர்றேன் மாமா" என்றார்.

"நல்லது மாப்பிள்ளை, நல்ல வண்டி" என்றார் இவர்.

அப்போது என்ன வந்தது என்று தெரியவில்லை. நடந்துபோய் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். அதில் மாப்பிள்ளை முகம் எனக்கு நேரே இருந்தது. என் முகம் ஒரு மூலையில் சின்னதாக, வேர்த்துப்போய் இருந்தது.

"மாப்பிள்ளை, நான் அத்தை பேசுறேன்."

அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். திரையில் அவருடைய பனியன் மட்டும்தான் தெரிந்தது. "சொல்லுங்கத்தை" என்று குரல் மேலேயிருந்து வந்தது. முகம் தெரியாதது எனக்கும் வசதியாகப் போயிற்று.

"எது வேணா எடுங்க. டிரக்கே எடுங்க. அத இருட்டுல போறவளுக்குக் குடுங்க. பழைய காரை நீங்க வச்சுக்கங்க. நீங்க பகல்லதான கடைக்குப் போறீங்க."

"அவ ஒண்ணும் சொல்லலையே அத்தை" என்றார்.

"சொன்னா. நீங்க தொடச்சுக்கலாம்னீங்களாம். அது தொடச்சாப் போகாதுங்க. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் எனக்கு வந்தது. போனை இவர் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன்.

"மாப்பிள்ளைகிட்ட இப்படியா பேசுறது?" என்று பின்னாலேயே வந்தார்.

"நீங்க பேசியிருந்தா நான் எதுக்குப் பேசுறேன்? மூணு ஞாயித்துக்கெழமை சுவத்துல ஒட்டிக்கிட்டு நின்னேனே, பல்லி மாதிரி."

மகள் மறுநாள் கூப்பிட்டுக் கத்தினாள். சொல்லாதே என்று சொன்னேனே, இப்போது அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், உனக்கென்ன நீ அங்கே இருக்கிறாய், நான்தானே இங்கே இருக்கிறேன் என்று. எல்லாம் நியாயம்தான். கேட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடியோவில் வரவில்லை. இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை என்னைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. நான் செய்தது தப்போ என்று எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது.

பிறகு ஒரு நாள் ஐந்து மணி வாக்கில், நான் இரண்டாவது டீயை வடிகட்டிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்றாள். வண்டிக் கடைக்கு அழைத்துப்போய் மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் அவளை டிரக்கில் ஏறி உட்காரச் சொன்னாராம். அவள் உயரத்துக்கு பானெட்டுக்கு அந்தப் பக்கம் தரையே தெரியவில்லையாம். பிறகு பெரிய காரில் உட்காரச் சொன்னாராம். இது சரியாக இருக்கிறது என்றாளாம். அதற்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாராம்.

"இன்னிக்கு ரெண்டு மானும்மா. வளைவுல, ரோட்டோரமா நின்னுச்சுங்க. லைட்டு திரும்புனதும் தூரத்துலயே கண்ணு மின்னுச்சு. நிறுத்திட்டேன். ஒண்ணு தாண்டுச்சு, அப்பறம் இன்னொண்ணு. அதுங்க பாட்டுக்குப் போயிருச்சுங்க."

வடிகட்டியை அப்படியே தம்ளர் மேல் வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை இன்னும் கோவமாத்தான் இருக்காரா?" என்று கேட்டேன்.

"இருக்காரு."

"இருக்கட்டும்" என்றேன்.