கண்ணாடிக் கட்டடத்தின் தொழுகை அறை

ஜின் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, அது குர்ஆனிலேயே இருக்கிறது. ஆனால் ஜின் வேலைவெட்டி இல்லாமல் கல்முனைக்கு வந்து ஆட்களைப் பயங்காட்டிக்கொண்டு திரிகிறது என்று யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். என் தொழில் அப்படி. போன் திருத்துகிறேன். "தன்ட பாட்டில கோல் போகுது தம்பி, இதுக்கு என்னமோ பிடிச்சிட்டு" என்று கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கும், இல்லாவிட்டால் எறும்பு. எதற்கும் உள்ளே ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிறவன் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் கடை கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது. அதற்குப் பெரிய ஆங்கிலப் பெயர் ஒன்று முகப்பில் எழுதியிருந்தது, ஒருவரும் அதைச் சொன்னதில்லை. கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போனதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் கடை போட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து கத்தாரிலிருந்து வந்த ஹாஜியார் ஒருவர், ஊர் ஓரத்தில் இருந்த தன் வயல் காணியை மண் போட்டு நிரப்பி மூன்று மாடி எழுப்பினார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே மாபிள், நடுவே எஸ்கலேட்டர். எங்கள் பக்கத்துக்கு அதுவே முதல் எஸ்கலேட்டர் என்று சொல்லிக்கொண்டார்கள், எனக்குத் தெரியாது, நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

திறந்த புதிதில் நடந்ததைச் சொன்னால் இப்போதும் சிரிப்பு வரும். மாபிள் அப்படி மினுங்கியதில் சனம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. பள்ளிவாசல் வாசல் மாதிரி செருப்புக் குவிந்து கிடக்கும். "கழட்டத் தேவையில்ல" என்று சொல்வதற்கென்றே ஹாஜியார் ஒரு ஆளைப் போட்டார். வெள்ளாமை வெட்டு முடிந்தால் சாகாமத்திலிருந்து லோட் மெஷினில், டிராக்டர் பெட்டி நிறைய, குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், எஸ்கலேட்டரில் ஏறுவார்கள், இறங்குவார்கள், திரும்ப ஏறுவார்கள். ஒலுவில் கெம்பஸ் பிள்ளைகள் மேல்மாடியில் பொரித்த கோழி தின்ன வருவார்கள். பெருநாள் கிழமையில் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. சித்திரைக்கும் பொங்கலுக்கும் தமிழ் ஆட்கள் வந்து நிறைவார்கள். அது ஒரு காலம்.

பிறகு தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கடைகளுக்கு வெளியார் வருவது நின்றது, எங்கள் ஆட்களே கூட்டமான இடத்துக்கு வரப் பயந்தார்கள். ஒருமாதிரி நிமிர்கிற நேரத்தில் கொரோனா. அதுவும் போகிறது என்று பார்த்தால் டீசல் இல்லை, கரண்ட் இல்லை. எஸ்கலேட்டரை நிறுத்தினார்கள், நின்றது நின்றதுதான். பெட்டைகள் வீட்டிலிருந்தே போனில் உடுப்புக் காட்டி விற்கத் தொடங்கினார்கள், அந்தப் போன்களையும் நான்தான் திருத்திக் கொடுத்தேன். ஒவ்வொரு ஷட்டராக விழுந்தது. ஹாஜியார் நோயில் விழுந்தார், பிள்ளைகள் வெளிநாட்டில், கட்டடத்தை ஒரு அரிசி ஆலை முதலாளி வாங்கினார், நெல் மூட்டை அடுக்குவதற்கு. வயலை மூடிக் கட்டியதில் கடைசியில் நெல்லே வந்து குடியேறியது. இதைச் சொல்லி நாங்கள் பகிடி பண்ணினோம், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கீழ்மாடியில், எஸ்கலேட்டருக்குப் பின்னால், ஒரு சின்னத் தொழுகை அறை இருந்தது. அதைச் சொல்வதானால் சலீம் காக்காவைச் சொல்ல வேண்டும். எனக்கு எதிர்க்கடை, அபாயாக் கடை. கடைக்காரர்களுக்கு அந்த அறையில் இமாமாக நின்று தொழுவிப்பவர் அவர்தான். நல்ல குரல். ஆள் கனம், முழங்கால் பழுது, நெற்றியைத் தரையில் வைக்கிற சுஜூதிலிருந்து எழும்பினால் இரண்டு முழங்காலும் சொடக்குப் போடுவது கடைசி வரிசைக்கும் கேட்கும், நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்போம்.

கொரோனா நேரம் சலீம் காக்காவை அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அந்த மாதங்களில் அந்த நோயில் மவுத்தானவர்களை அடக்க அரசாங்கம் விடவில்லை, எரித்தார்கள். உங்களுக்கே தெரியும். குளிப்பாட்டவில்லை, கபன் துணி சுற்றவில்லை, எங்கள் யாருடைய தோளிலும் அவருடைய சந்தூக்கு ஏறவில்லை. 

இனி அந்த நாள். நாளைக்குத் தொழுகை அறையில் மூட்டை அடுக்கப் போகிறோம் என்று ஆலை ஆட்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கும் தோஹாவில் ஒரு மச்சான் விசா பார்த்துக்கொண்டிருந்தார், கடையை மூடிவிட்டுப் போகிற எண்ணம். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சலீம் காக்காவின் மனைவி பரீதா ராத்தா வந்தார்.

"தம்பி, அந்த அறைய ஒருக்காத் தொறந்து காட்டுவீங்களா?"

"அது தொறந்துதான் கிடக்கு ராத்தா. உள்ள ஒண்டுமில்ல."

"ஒண்டும் வேணாம். பாத்திட்டுப் போறன்."

வாசலில் நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை. பழைய பாய் இரண்டு, உடைந்த மின்விசிறி, அவ்வளவுதான் இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"மத்தவங்கட புள்ளைகள் பெருநாளைக்கு வாப்பாட கபுறடிக்குப் போகுதுகள். என்ட புள்ளைகளுக்குப் போக இடமில்ல தம்பி. அவர் நிண்ட இடமெண்டு மிச்சம் இரிக்கிறது இதுதான். நாளைக்கு இதுவும் இல்ல."

  அவர் போய்விட்டார். நான் கடைக்குப் போய் சும்மா ஒரு போனின் ஐசியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. வழமையாக ரோட்டுப் பள்ளிக்குத்தான் போவேன். அன்றைக்கு மனம் கேட்கவில்லை, கடைசியாக ஒரு தடவை அந்த அறையிலேயே தொழுவோம் என்று போனேன். கட்டடத்தில் நானும் வாசலில் வாச்சர் யூசுப் காக்காவும் மட்டும்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது, கண்ணாடி வழியாகச் செம்மஞ்சளாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. இருட்டில் பயந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

மஃரிப் மூன்று ரக்அத், நின்று ஓதி, குனிந்து, சுஜூது செய்து முடிப்பது ஒன்று. தனியாகத் தொழும்போது வாய்க்குள் ஓதுவதே என் பழக்கம். முதலாவது முடிந்து இரண்டாவதுக்கு எழும்பி நின்றதும், யாரோ என் வலது தோளில் தட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். ஒருவர் தனியாகத் தொழுதுகொண்டிருந்தால், பிந்தி வருகிறவர் தோளில் தட்டுவார். நானும் சேர்கிறேன், நீ எனக்கு இமாம், சத்தமாக ஓது என்று அர்த்தம். யூசுப் காக்காதான் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டி ஓதினேன். சூரா பாத்திஹா முடிந்ததும் பின்னால் வலது பக்கத்திலிருந்து "ஆமீன்" என்றது.

யூசுப் காக்கா வெற்றிலை போடுகிறவர், குரல் கரகரவென்று இருக்கும். இது அந்தக் குரல் இல்லை. தொழுகையில் திரும்பிப் பார்க்க முடியாதே.  ருகூஉ, சுஜூது எல்லாம் எனக்குப் பின்னாலேயே நடந்தது, இடுப்புச் சாரத்தின் துணி உரசுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது ரக்அத்துக்கு எழும்பியபோது, எனக்குப் பின்னால் இரண்டு முழங்கால் சொடக்குப் போட்டது.

நம்பினால் நம்புங்கள்.  தொழுகையை விட்டு ஓடவும் துணிவில்லை. எப்படியோ கடைசி இருப்புக்கு வந்து வலது பக்கம் சலாம் கொடுத்தேன், ஒருவரும் இல்லை. இடது பக்கம் கொடுத்தேன், ஒருவரும் இல்லை. உடம்போடு திரும்பிப் பார்த்தேன். பாய் மட்டும் கிடந்தது. சரி, மனசு சரியில்லை, ராத்தா வந்து அழுததில் எனக்கு இப்படித் தோன்றுகிறது என்று மூச்சு விட்டேன்.

அப்போது அந்த வெறும் பாயிலிருந்து "அல்லாஹு அக்பர்" என்று மெதுவாகக் கேட்டது, முழங்கால் திரும்பவும் சொடக்குப் போட்டது. பிந்தி வந்து சேர்ந்தவர், இமாம் முடித்த பிறகு, தனக்குத் தவறிய ரக்அத்தை எழும்பி நின்று தனியாகத் தொழுவார் இல்லையா, அதுதான். இரண்டாவதில் சேர்ந்தவருக்கு ஒன்று மிச்சம். ஆளே இல்லாத இடத்தில் அந்த ஒன்று நடந்துகொண்டிருந்தது.

அறையின் கதவு வலது சுவரில். நான் வெளியே போக வேண்டுமானால் அந்தப் பாய்க்கு முன்னால் குறுக்கே போக வேண்டும். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது என்று நடக்கப் பழகிய நாளிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சிரிப்பீர்கள், பயத்தில் உயிர் போகிறது, ஆனாலும் கால் எழும்பவில்லை, மரியாதை தடுத்தது. உட்கார்ந்தேயிருந்தேன். வாய்க்குள் ஓதுகிற முணுமுணுப்பு கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் வாசலிலிருந்து யூசுப் காக்கா கத்தினார். "தம்பி, கேற்றப் பூட்டப் போறன், வாங்க!"

ஒரு மனிதக் குரல் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. எழும்பினேன், பாய்ந்தேன், அந்தப் பாய்க்கு முன்னால் குறுக்கே விழுந்து கதவால் வெளியே வந்தேன். நான் கடக்கும்போது அந்த முணுமுணுப்பு சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த நாள் காலையில் பரீதா ராத்தா வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை, முழுதாகச் சொல்லவும் பயம், விதவை மனுசி, என்னென்று எடுப்பார். நேற்று அந்த அறையில் மஃரிப் தொழுதபோது யாரோ பின்னால் வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது, பார்த்தால் ஆள் இல்லை என்று மட்டும் சொன்னேன். முழங்காலைச் சொல்லவில்லை.

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எத்தின ரக்அத் மிச்சம் இருந்திச்சி தம்பி?"

நான் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

"ஒண்டு" என்றேன்.

அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அம்புலன்ஸ் வந்த அன்றைக்கு சலீம் காக்கா வீட்டில் மஃரிப் தொழுதுகொண்டிருந்தாராம். வெள்ளை உடுப்புக்காரர்கள் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்களாம். ராத்தாவும் பயத்தில் போய் அவருடைய தோளில் பிடித்து உலுக்கினாராம். இரண்டு ரக்அத் முடிந்திருந்தது.

"போகக்குள்ள வண்டியில ஏறி நிண்டுகிட்டு சொன்னாரு, 'பரீதா, என்ட ஒண்டு மிச்சம்' எண்டு. அதுதான் அவர் எனக்குக் கதச்ச கடசிக் கத. நான் இத ஒருத்தருக்கிட்டயும் சொன்னதில்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "முடிச்சாரா தம்பி? சலாம் குடுத்தாரா?"

"நான் அதுக்கிடையில வந்திட்டன் ராத்தா. கேக்கல்ல."

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கு மஃரிபுக்குத் திரும்பப் போய்த் தொழுவது, உயிரே போனாலும் சலாம் கேட்கும்வரை அசைவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு வந்தால், காலையிலேயே மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் அறையை நெல் மூட்டையால் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். பாயைச் சுருட்டி வெளியே எறிந்திருந்தார்கள். சுவர் ஓரமெல்லாம் கூரைவரை அடுக்கியாகிவிட்டது. ஆனால் நடுவே, நான் தொழுத இடத்துக்குப் பின்னால் வலது பக்கம், ஒரு ஆள் நிற்கிற அகலம் காலியாகக் கிடந்தது.

"ஏன் அத விட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அதில மூட்ட நிக்குதில்ல காக்கா. மூணு தரம் அடுக்கிட்டம், சரிஞ்சிட்டே போகுது. தளம் சரிவு போல."

நான் போனில் மட்டம் பார்க்கிற ஆப்பைத் திறந்து அந்த மாபிளில் வைத்துப் பார்த்தேன். சரிவு கிடையாது. நேர் மட்டம்.

தோஹாவுக்கு நான் போகவில்லை. விசா சரிவரவில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். முன்வாசல் பக்கம் கடையை வைத்துக்கொள்ள ஆலை முதலாளி விட்டிருக்கிறார். நெல் வருகிறது, போகிறது, எத்தனையோ போகம் அந்த அறை நிரம்பி வெறுமையாகிவிட்டது, அந்த இடத்தில் மட்டும் இதுவரை ஒரு மூட்டையும் நிற்கவில்லை. பரீதா ராத்தா எப்போதாவது கோல் எடுப்பார். சுகம் விசாரிப்பார், பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார், கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"அந்த இடம் இப்பவும் காலியாத்தான் இரிக்கா தம்பி?"

நான் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஓம் ராத்தா, காலிதான்" என்பேன். 

ஒன்றை மட்டும் அவருக்கு நான் சொல்லவில்லை. நாட்டாமிமார் காலையிலிருந்து பொழுது படும்வரை, முதுகில் மூட்டையோடு, கதவுக்கும் அடுக்குக்கும் இடையில், அந்த இடத்துக்கு முன்னாலேதான், அன்றைக்கு நான் பாய்ந்த மாதிரி, குறுக்கும் நெடுக்குமாகப் போய்வருகிறார்கள்.